சக்கரத்தில் மருந்து எதற்கு?

கேள்வி: கர்நாடக எல்லைச் சோதனைச் சாவடியில் கோழி லாரிகளை நிறுத்திச் சக்கரத்தில் மருந்து அடிக்கிறார்கள். பறவைக் காய்ச்சல் காற்றில் வராதா? இதனால் பயன் உண்டா?
– வாசகர், உத்தனப்பள்ளி

பதில்: நிச்சயம் உண்டு. நோய்க்கிருமி முக்கியமாக எச்சத்தில் இருக்கிறது. கூண்டு, முட்டை அட்டை, டயர், ஓட்டுநரின் செருப்பு என எதில் அது ஒட்டினாலும் ஒரே இரவில் அடுத்த மாநிலத்துப் பண்ணைக்குள் வந்துவிடும். 2025 தொடக்கத்தில் ஆந்திரத்தின் கோதாவரி மாவட்டங்களிலும், பிறகு உங்களுக்குப் பக்கத்திலேயே சிக்கபள்ளாப்பூரிலும் எச்5என்1 வகைப் பறவைக் காய்ச்சல் கண்டறியப்பட்டது. ஒரு பண்ணையில் உறுதியானால், சுற்றி 1 கிலோமீட்டருக்குள் உள்ள கோழிகள் அத்தனையும் அழிக்கப்படும். வீட்டுக் கொல்லையில் மேயும் நாலு நாட்டுக்கோழிகளும் தப்பாது. அந்த இழப்போடு ஒப்பிட்டுப் பார்த்தால் லாரி சாவடியில் காத்திருக்கும் நேரம் பெரிதே அல்ல.

ஆனால் வலசை வரும் நீர்ப்பறவைகளை எந்தச் சாவடியும் நிறுத்த முடியாது. எல்லையில் ஜூஜூவாடிச் சாவடியில் மட்டும் லாரிகளை நிறுத்தினாலும் போதாது. பாகலூர், பேரிகை வழிகளிலும் வண்டிகள் வருகின்றன. எனவே பண்ணை வாசலிலும் கிருமிநாசினித் தொட்டி வேண்டும். ஏரிக்கரையில் பறவைகள் கூட்டமாகச் செத்துக் கிடந்தால் கையால் தொடாதீர்கள். உடனே கால்நடை மருத்துவமனைக்குச் சொல்லுங்கள்.