டயர் மாட்டுமுன் பக்கச்சுவரைப் படியுங்கள்

சேத்தியாத்தோப்பு ஆலைக்குக் கரும்பு, விருத்தாசலத்திலிருந்து பீங்கான் சரக்கு என்று ஸ்ரீமுஷ்ணம் வழியாக ஓடும் லாரிகளுக்கு டயர்தான் பெரிய செலவு. அதனால் கடைக்குப் போனதும் விலையைக் கேட்கிறோம். அதற்கு முன்னால் டயரின் பக்கச்சுவரில் எழுதியிருப்பதைப் படித்துவிடுங்கள்.

சைஸை அடுத்து 146/143 என்பது போல இரண்டு எண்கள் இருக்கும். முதல் எண் ஒற்றை டயருக்கு, அடுத்தது ஜோடி டயருக்கு. 146 என்றால் 3,000 கிலோ, 143 என்றால் 2,725 கிலோ. இதை ஆர்.சி.யில் உள்ள அச்சு எடையோடு ஒப்பிட வேண்டும். நான்கு டயர் உள்ள ஒற்றைப் பின் அச்சுக்கு 10.2 டன் என்றிருந்த உச்ச எடையை மத்திய அரசு 2018 ஜூலையில் 11.5 டன்னாக்கியது. உங்கள் ஆர்.சி.யில் 11.5 டன் பதிவாகியிருந்தால் டயருக்கு 2,875 கிலோ. 143 எண் டயர் நான்கும் சேர்ந்து தாங்குவது 10,900 கிலோதான். அங்கே இரண்டாம் எண் 145-க்குக் குறையவே கூடாது. சைஸ் சரியாக இருக்கிறதே என்று பலர் தவறவிடும் இடம் இது.

அடுத்து ஐ.எஸ்.ஐ. முத்திரை, லாரி டயருக்கு ஐ.எஸ். 15636. பிறகு தயாரிப்புத் தேதி. கடைசி நான்கு இலக்கம் 3224 என்றால் 2024-ன் 32-வது வாரம். ஒரே அச்சில் நைலானையும் ரேடியலையும் கலக்காதீர்கள். ஜோடியில் ஒன்று உயரமாக இருந்தால் சுமை அதன் மேலேயே விழும். ரீட்ரேடு டயர் பின்னால் ஓடட்டும், முன்னால் வேண்டவே வேண்டாம்.

மாட்டுவதற்கு முன் முழு வரிசை எண்ணையும் பில்லில் எழுதச் சொல்லுங்கள், போட்டோவும் எடுங்கள். உள்பக்கம் போய்விட்டால் பிறகு படிக்க முடியாது. 2000 ஆகஸ்டில் ஃபயர்ஸ்டோன் நிறுவனம் அமெரிக்காவில் சுமார் 65 லட்சம் டயர்களைத் திரும்பப் பெற்றது. ஓடும்போதே மேல்பட்டை பிய்ந்து, 200-க்கும் மேற்பட்டோர் இறந்ததாகப் பின்னர் தெரியவந்தது. தன் வண்டி டயரும் அதில் சேருமா என்று பார்க்க, பக்கச்சுவர் எழுத்துதான் அங்கே துணை நின்றது.

இங்கே 2019-ல் திருத்திய மோட்டார் வாகனச் சட்டத்தின் 110ஏ பிரிவில் பழுதான வண்டிகளைத் திரும்பப் பெற வைக்க வழி உண்டு. வண்டியின் உதிரிபாகப் பழுதும் இதில் அடங்கும். விதிகள் 2021 ஏப்ரல் முதல் நடப்பில் உள்ளன. ஏழு வருடத்துக்கு உட்பட்ட வண்டிக்குப் பரிவாகன் இணையதளத்தில் புகார் செய்யலாம். தனியாக வாங்கிய டயர் என்றால் முதலில் கடை வழியாக வாரண்டி கேளுங்கள். மறுத்தால் 1915 நுகர்வோர் உதவி எண், அதன்பின் கடலூர் மாவட்ட நுகர்வோர் ஆணையம். பிய்ந்த துண்டைத் தூக்கிப் போட்டுவிடாதீர்கள், அதுதான் சாட்சி.

மாட்டிய பிறகு காற்றுதான் உயிர். காற்று குறைந்த டயர் ஒவ்வொரு சுற்றிலும் அதிகமாக மடங்கிச் சூடேறும். சூட்டில் உள்ளே கம்பி அடுக்கும் ரப்பரும் பிரிந்துவிடும். ஃபயர்ஸ்டோன் விவகாரத்திலும் குறைந்த காற்று பெரிய கேள்வியாக எழுந்தது. காலையில் வண்டி எடுக்குமுன், டயர் குளிர்ந்திருக்கும்போது பாருங்கள். மத்தியான வெயிலில் அழுத்தம் ஏறித் தெரிந்தால் காற்றை இறக்கிவிடக் கூடாது. பட்டை 1.6 மில்லிமீட்டருக்குக் கீழே தேய்ந்தாலோ, பக்கம் புடைத்தாலோ அன்றே கழற்றுங்கள். கரும்பு வயலை விட்டு ஏறியதும் ஜோடி டயரின் இடுக்கில் கல் சிக்கியிருக்கிறதா என்று பார்த்துத் தட்டி எடுங்கள். உள் டயருக்குக் கை எட்டவில்லை என்று விடாமல் வால்வுக்கு நீட்டுக் குழாய் போட்டுக்கொள்ளுங்கள்.