நித்யாவுக்கு, இரண்டு அட்மிஷன் பற்றி

அன்புள்ள நித்யாவுக்கு, அத்தை எழுதுவது.

இங்கே அமெரிக்காவில் நீ விண்ணப்பித்த இரண்டு படிப்புக்கும் சீட் கிடைத்துவிட்டது என்று அண்ணன் சொன்னபோது, சந்தோஷத்தோடு சேர்ந்து கணக்கும் காதில் விழுந்தது. பேங்க் லோன், டாலர் விலை, எதில் உதவித்தொகை அதிகம். பெற்றவருக்கு அந்தக் கவலை இருக்கத்தானே செய்யும். ஆனால் நீ என்னைக் கேட்டது, எது உனக்குப் பொருந்தும் என்று. போனில் பேசினால் பாதியில் போன் அண்ணன் கைக்குப் போய்விடும். அதனால்தான் எழுதுகிறேன்.

முடிவு உன்னுடையது, கண்ணு. அதில் சந்தேகமே வேண்டாம்.

முதல் படிப்பு, ஸ்டூடன்ட் அஃபேர்ஸ். நான் இத்தனை வருடமாகச் சோறு தின்பதே அந்தத் துறையில்தான், அதைக் குறைத்துப் பேசமாட்டேன். மாணவனை மார்க் ஷீட்டாகப் பார்க்காதே, முழு மனிதனாகப் பார் என்று அமெரிக்கக் கல்லூரிகளுக்கு 1937-லேயே எழுதிவைத்த துறை இது. 40 கிரெடிட் அளவில் இரண்டு வருடத்தில் முடிந்துவிடும். கிராஜுவேட் அசிஸ்டென்ட்ஷிப் கிடைத்தால் வாரம் 20 மணி நேர வேலை, ஃபீஸில் சலுகை, கைச்செலவுக்குப் பணம், பல இடங்களில் தங்க அறையும் உண்டு. அண்ணனுக்கு இது பிடித்துப் போனதில் ஆச்சரியமில்லை.

ஆனால் அந்த அறை மாணவர் விடுதிக்குள்ளேயே இருக்கும். டியூட்டி போன் தலைமாட்டில் இருக்கும். நடுராத்திரி அது அடித்தால் எழுந்து போக வேண்டும். ஒரு பெண் படிக்கட்டில் உட்கார்ந்து அழுதுகொண்டிருப்பாள். "யார்கிட்டயும் சொல்லிடாதீங்க" என்பாள். பாலியல் தொல்லை மாதிரி ஒன்றை அவள் வாய் திறந்து சொல்லிவிட்டால், நீ புகார் எழுதியே ஆக வேண்டும். இங்கே டெக்சாஸில் 2020 ஜனவரி முதல் அது சட்டம். தெரிந்தே மறைத்த ஊழியருக்கு வேலை போகும், கிரிமினல் வழக்கும் வரும். அதனால் அந்தப் பெண் பேச ஆரம்பிக்கும் முன்பே, "நீ சொல்வதை நான் மேலே சொல்ல வேண்டியிருக்கும்" என்று எச்சரிக்கக் கற்றுக்கொடுக்கிறோம். அதைக் கேட்டதும் வாயை மூடிக்கொண்டு எழுந்து போன முகங்களை நான் பார்த்திருக்கிறேன். அதே சட்டம், ரகசியம் காக்க நியமிக்கப்பட்ட ஆலோசகரிடம் என்ன மாதிரி சம்பவம் என்பதை மட்டும்தான் கேட்கிறது. பெயரைக் கேட்பதில்லை.

உன் சித்தப்பா விஷயம் உனக்குத் தெரியும். தெரிந்தது பாதிதான் என்று நினைக்கிறேன். தம்பி அன்று சாயங்காலம் ஹாஸ்டல் வார்டனிடம் மனம் விட்டுப் பேசினான். மறுநாள் காலையில் அப்பாருக்கு டிரங்க் கால். ஊர்த் தபால் ஆபீஸில், சுற்றி நாலு பேர் நிற்க, அப்பாரு அதைக் கேட்டுக்கொண்டு நின்றார். பொழுது சாய்வதற்குள் தெருவுக்கே தெரிந்துபோனது. தம்பி அதற்கப்புறம் அந்தக் கல்லூரி வாசலை மிதிக்கவில்லை, யாரிடமும் மனம் விட்டுப் பேசவும் இல்லை. வார்டன் நல்லவர், கடமையைச் செய்தார் என்று உன் அப்பா இன்றைக்கும் சொல்கிறார். இருக்கட்டும். தண்டிக்கிற அதிகாரம் உள்ளவரிடமே ஒரு பையன் அழ வேண்டியிருந்ததே, அதை என்னால் இன்னும் ஏற்க முடியவில்லை.

இங்கே எங்கள் கவுன்சலிங் சென்டரில் ஒவ்வொரு அறைக்கு வெளியேயும் தரையில் ஒரு சின்ன மெஷின் இருக்கும். நாள் முழுக்க உஸ்ஸென்று இரைந்துகொண்டே இருக்கும். உள்ளே பேசுவது வராந்தாவில் போகிறவருக்குக் கேட்கக்கூடாது என்பதற்காக. அதைத் தாண்டிப் போகும்போதெல்லாம் எனக்குத் தம்பி ஞாபகம்தான்.

இரண்டாவது படிப்பு, கல்லூரி கவுன்சலிங். அந்த அறைக்கு உள்ளே போகிற படிப்பு. 60 கிரெடிட். கவுன்சலிங் படிப்புகளின் தரம் பார்க்கும் கேக்ரெப் அமைப்பின் அங்கீகாரம் இருப்பதால் 100 மணி நேர பிராக்டிகம், 600 மணி நேர இன்டர்ன்ஷிப். அந்த 600-ல் குறைந்தது 240 மணி நேரம் மாணவர்களோடு நேரடியாக உட்கார வேண்டும். வாராவாரம் சூப்பர்வைசர் உன்னை உட்கார வைத்து, நீ எங்கே அவசரப்பட்டாய், எங்கே உன் பயத்தை எதிரில் இருப்பவள் மேல் ஏற்றினாய் என்று கேட்பார். உனக்கு இதுதான் வேண்டும் நித்யா. ஹாஸ்டலில் உன் ரூம்மேட்டுக்காகத் தூக்கம் கெட்டு, இளைத்துப்போய் வீட்டுக்கு வந்தாயே, அதைப் பார்த்த நாளிலிருந்து எனக்குள் ஒரு பயம். அடுத்தவர் துக்கத்தைக் கேட்கிற மனசு உனக்குப் பிறவியிலேயே இருக்கிறது. அதை எங்கே இறக்கிவைப்பது என்று யாராவது சொல்லித்தர வேண்டாமா?

சிரமம் இல்லாமல் இல்லை. டெக்சாஸில் ஆலோசகர் லைசென்ஸுக்குப் படிப்பு முடிந்தபின் 3,000 மணி நேரம், குறைந்தது 18 மாதம், மேற்பார்வையில் வேலை செய்ய வேண்டும். படிப்பு முடிந்தபின் வேலை செய்ய உனக்குக் கிடைக்கப்போகும் ஓபிடி அனுமதி 12 மாதம்தான். ஆனால் பல்கலைக்கழக வேலைக்கு எச்-1பி வேலை விசா லாட்டரி கிடையாது. இன்னொன்று: கல்லூரி கவுன்சலிங் என்று பெயரிட்ட பட்டம் எல்லா மாநிலத்திலும் லைசென்ஸுக்குச் செல்லாது. சில மாநிலங்கள் கிளினிக்கல் பிரிவில் படித்தவரைத்தான் ஏற்கும். எந்தெந்த மாநிலத்தில் செல்லும், நோயறிதல் பாடம் உண்டா, கிளினிக்கல் பிரிவுக்கு மாற முடியுமா என்று துறைக்கு இந்த வாரமே மெயில் போடு. பதிலை எழுத்தில் வாங்கு, வாய்வார்த்தையை நம்பாதே.

உயிருக்கு ஆபத்து என்றால் ஆலோசகரும் ரகசியத்தை உடைக்க வேண்டி வரலாம், அதையும் சொல்லிவிடுகிறேன். ஆனால் எப்போது, யாரிடம், எவ்வளவு சொல்லலாம் என்று பழகிய கை அது. தபால் ஆபீஸில் வைத்துச் சொல்லாது.

ரொம்பப் பேசிவிட்டேன், கண்ணு. நீ முதல் படிப்பையே எடுத்தாலும் என் செல்லம் நீதான், அதில் ஒரு இம்மியும் குறையாது. எதில் சேர்ந்தாலும் ஏர்போர்ட்டுக்கு நானும் மாமாவும் வருவோம். குக்கர், தோசைக்கல் எதுவும் தூக்கி வராதே, இங்கே இரண்டு செட் இருக்கிறது. குளிர்கோட்டும் வாங்காதே, நான் பார்த்துவைத்திருக்கிறேன், பச்சை நிறம், உனக்கு அழகாக இருக்கும். அம்மாவிடம் சொல்லி பருப்புப் பொடி மட்டும் கொஞ்சம் கூடுதலாக அரைத்து வாங்கிக்கொள். லோன் கணக்கில் இடிக்கிறது என்றால் அண்ணனை என்னிடம் பேசச் சொல், நீ அதற்காகத் தூக்கம் கெடாதே. வேளாவேளைக்குச் சாப்பிடு.

ஆயிரம் முத்தங்களுடன்,
உன் அத்தை