நீரிழிவு மருந்தும் நடுக்குவாதமும்

அமெரிக்காவின் தென்மேற்குப் பாலைநிலத்தில் கிலா மான்ஸ்டர் என்றொரு நச்சுப் பல்லி வாழ்கிறது. அதன் நஞ்சில் 39 அமினோ அமிலங்கள் கோத்த ஒரு பொருள் இருப்பதை ஜான் எங் என்ற மருத்துவ ஆய்வாளர் கண்டறிந்து 1992-ல் வெளியிட்டார். நம் குடலில் சுரந்து, இன்சுலினைச் சுரக்குமாறு கணையத்தைத் தூண்டும் ஜி.எல்.பி.-1 என்னும் ஹார்மோனை அது ஒத்திருந்தது. நம் ஹார்மோன் இரத்தத்தில் இரண்டொரு நிமிடங்களில் சிதைந்துவிடும். பல்லியின் பொருளோ சில மணி நேரம் நிற்கும். அதைச் செயற்கையாகத் தயாரித்தனர். எக்செனடைடு என்னும் பெயரில் நீரிழிவுக்கான ஊசி மருந்தாக 2005-ல் அதற்கு அமெரிக்காவில் அனுமதி கிடைத்தது.

இதற்கும் நடுக்குவாதத்துக்கும் என்ன தொடர்பு? 1817-ல் லண்டன் மருத்துவர் ஜேம்ஸ் பார்க்கின்சன் விவரித்த நோய் இது. நடுமூளையில் டோபமின் என்னும் வேதிப்பொருளை ஆக்கும் நரம்பணுக்கள் சிறுகச் சிறுக மடிகின்றன. கை நடுங்கும், உடல் விறைக்கும், நடை தளரும். லெவோடோபா என்ற மருந்து டோபமின் குறைவை ஈடு செய்கிறது. ஓட்டைப் பானையில் நீர் ஊற்றுவது போலத்தான், ஓட்டை அடைபடுவதில்லை. ஆனால் ஜி.எல்.பி.-1 பற்றிக்கொள்ளும் ஏற்பிகள் மூளையிலும் உள்ளன. விலங்குச் சோதனைகளில் எக்செனடைடு அந்த நரம்பணுக்களைக் காத்தது. மனிதருக்கு ஏற்கெனவே பழகிய மருந்து என்பதால் பாதுகாப்புச் சோதனைகளை அடியிலிருந்து தொடங்கவும் வேண்டியதில்லை.

லண்டனில் 62 நோயாளிகளிடம் நடந்த ஆய்வு 2017-ல் வெளிவந்தது. சிலருக்கு மருந்தூசி, மற்றவர்களுக்கு மருந்தில்லாத வெற்றூசி. யாருக்கு எது என்பது நோயாளிக்கும் தெரியாது, புள்ளியிடும் மருத்துவருக்கும் தெரியாது. நம்பிக்கையே கைநடுக்கத்தைச் சற்றுக் குறைத்துவிடும் நோயில் இந்தக் கட்டுப்பாடு மிக அவசியம். 48 வாரம் ஊசி போட்டு, 12 வாரம் நிறுத்திய பிறகு அளந்தார்கள். உடலசைவுக்கு 132 வரை புள்ளி உண்டு. புள்ளி ஏறினால் நோய் முற்றுகிறது என்று பொருள். மருந்து பெற்றவர்கள் 3.5 புள்ளி நல்ல நிலையில் இருந்தனர். உலகெங்கும் மகிழ்ச்சி!

ஆனால் அந்த 3.5-ஐ இயற்பியல் மாணவன் எழுதினால் 3.5 ± 3.2 என்று எழுதுவான். உண்மை வேறுபாடு 0.3 ஆகவும் இருக்கலாம், 6.7 ஆகவும் இருக்கலாம். தனி ஊசலின் அலைவு நேரத்தை ஒருமுறை அளந்துவிட்டு நீங்கள் நிறுத்துவதில்லை அல்லவா? அளவீடுகளை நான்கு மடங்காக்கினால் சராசரியின் பிழை பாதியாகும். (நோயாளிகள் ஊசல் குண்டுகள் அல்லர், ஒருவர் நோய் போல் இன்னொருவர் நோய் முற்றாது. ஆகவே இவ்விதி இங்கே அவ்வளவு துல்லியமாகப் பொருந்தாது.)

194 நோயாளிகளிடம் 96 வாரம் நடந்த ஆய்வின் முடிவு 2025-ல் வந்தது. மருந்து பெற்றவர்களுக்கு 5.7 புள்ளி ஏறியது, பெறாதவர்களுக்கு 4.5. பயன் ஒன்றும் தெரியவில்லை. இரண்டாண்டுக் காலம் ஊசி போட்டுக்கொண்ட நோயாளிகளுக்கு எவ்வளவு ஏமாற்றம்! எனினும், கிடைத்த விடையை மறைக்காமல் அச்சிட்டதால் இதை நான் தோற்ற ஆய்வு என்று சொல்லமாட்டேன்.

இதற்கிடையே 2024-ல் பிரான்சிலிருந்து வேறொரு முடிவு வந்திருந்தது. அதே குடும்பத்தைச் சேர்ந்த லிக்சிசெனடைடு மருந்தை 156 பேரிடம் ஓராண்டு சோதித்தனர். மருந்து பெற்றவர்களின் புள்ளி ஏறக்குறைய மாறவே இல்லை. மற்றவர்களுக்கு 3 புள்ளி ஏறியது. மருந்து பெற்றவர்களில் 46 விழுக்காட்டினருக்குக் குமட்டல் கண்டது. இந்த 3 புள்ளி இரண்டாம் ஆண்டிலும் நிலைக்குமா என்பதை, இதனினும் பெரிய, நீண்ட ஆய்வுதான் சொல்ல முடியும்.