மதிய வெயில் இரவில் விளக்கேற்றுமா?

மாணவர்களே, கம்போங் மேடானில் ஒரு தரைவீட்டுக் கூரையில் சூரியத் தகடுகள் இருப்பதாக வைத்துக்கொள்வோம். நண்பகலில் அவை 3 கிலோவாட் தருகின்றன. எல்லாரும் பள்ளிக்கும் வேலைக்கும் போய்விட்டதால் வீட்டுக்கு 1 கிலோவாட் போதும். மிச்சம் 2 கிலோவாட் பொது மின்கட்டமைப்புக்குப் போகிறது.

நம் நாட்டில் 2016-இல் தொடங்கிய நிகர மின்கணக்குத் திட்டம், இப்படி அனுப்பும் மின்சாரத்துக்குக் கட்டணத்தில் கழிவு பெற வழிசெய்தது. அதனால் பகலில் கொடுத்த மின்சாரமே இரவில் திரும்பி வருகிறது என்று பலர் நினைக்கிறார்கள். அது சரியா?

இல்லை. திரும்பி வருவது கணக்கு மட்டுமே. மின்கம்பி மின்சாரத்தைச் சேர்த்து வைப்பதில்லை. நீங்கள் அனுப்பியதை அதே நொடியில் அக்கம்பக்கத்தார் பயன்படுத்திவிடுகிறார்கள். இரவில் உங்களுக்கு வருவது, பெரும்பாலும் எரிவாயுவோ நிலக்கரியோ எரித்து அப்போதே உற்பத்தியாகும் மின்சாரம்.

50 என்ற எண்

மலேசிய மின்சாரத்தின் அதிர்வெண் 50 ஹெர்ட்ஸ். மேட்டில் சைக்கிள் மிதிக்கும்போது அதே விசையில் வேகம் குறைகிறதல்லவா? தேவை உற்பத்தியை மிஞ்சினால் மின்னாக்கிகளும் அப்படியே மெதுவாகும், அதிர்வெண் குறையும். அளவுக்கு மீறிக் குறைந்தால், இயந்திரங்களைக் காக்க மின்நிலையங்கள் தாமாகவே விலகிக்கொள்ளும். ஒன்று விலகினால் மற்றவற்றின் சுமை கூடும்.

1996 ஆகஸ்ட் 3-ஆம் தேதி திரெங்கானுவின் பாக்கா மின்நிலையத்துக்கு அருகே ஒரு மின்பாதை துண்டித்துக்கொண்டது. தொடர்ந்து மற்ற நிலையங்களும் விலக, தீபகற்பம் முழுவதும் மின்சாரம் நின்றது.

கிள்ளான் பள்ளத்தாக்கில் பிற்பகல் மழைமேகம் சில நிமிடங்களில் வெயிலை மறைத்துவிடும். சூரியசக்தி பெருகப் பெருக, அந்தத் திடீர்ப் பள்ளத்தை உடனே நிரப்ப ஒன்று வேண்டும். ஒரு நொடிக்குள் செயல்படக்கூடிய மின்கலத் தொகுதி அதற்கு ஏற்றது.

இரண்டு எண்கள்

சரவாக்கின் செஜிங்காட்டில் உள்ள மின்கல நிலையத்தின் திறன் 60 மெகாவாட். சேமிப்பு 80 மெகாவாட் மணி. முதல் எண் குழாயின் அகலம். இரண்டாவது தொட்டியின் கொள்ளளவு. முழு வேகத்தில் திறந்தால் 80 ÷ 60 = 1 மணி 20 நிமிடம் தாங்கும். 20 மெகாவாட் மட்டும் எடுத்தால் 4 மணி நேரம். மேகம் கடக்கவும் மாலையைச் சமாளிக்கவும் இது உதவும்; இரவு முழுவதற்கும் போதாது. அதற்கு நீர்மின்சாரம் போன்ற துணை வேண்டும்.

சரவாக் உட்புறக் கிராமங்கள் சிலவற்றில் பெரிய மின்கட்டமைப்பே இல்லை. சூரியத் தகடும் மின்கலமும் மட்டுமே அங்கே குறுமின்கட்டமைப்பாக இயங்குகின்றன. கைகொடுக்க வேறு நிலையம் கிடையாது. தொட்டி காலியானால் இருட்டுதான். ஆகவே அங்கே தகடுகளின் எண்ணிக்கையைவிட, மாலையில் எவ்வளவு செலவிடுகிறோம் என்பதே முக்கியம்.

கணக்கிட்டுப் பாருங்கள்

5 கிலோவாட் மணி சேமித்த வீட்டு மின்கலத்தை இரவு 7 மணிக்குப் பயன்படுத்தத் தொடங்குகிறீர்கள். (அ) விளக்கு, மின்விசிறி, குளிர்பதனப் பெட்டி சேர்ந்து 0.5 கிலோவாட் எடுத்தால் எத்தனை மணிக்குத் தீரும்? (ஆ) ஏர்கோனும் ஓடி 1.25 கிலோவாட் ஆனால்?

விடை: (அ) விடியற்காலை 5 மணி. (ஆ) இரவு 11 மணி.