கட்டளை வரியில் சோதனை

"நிரல் எழுதிவிட்டேன், ஓடுகிறது" என்று சொல்வது எளிது. ஓடுவது வேறு, எண்ணியபடி நடப்பது வேறு. ஆகவே, நண்பர்களே, நிரல் எவ்வாறு நடக்கவேண்டும் என்பதை முதலில் எழுதிவைத்து, அதைக்கொண்டே சோதிப்பது நன்று.

2008-இல் தோன்றிய கியூகம்பர் என்னும் கருவி இதற்கு உதவும். அதில் சோதனையைத் தமிழிலேயே எழுதலாம் என்பது நமக்கு மகிழ்ச்சி தரும் செய்தி. கோப்பின் முதல் வரியில் மொழி தமிழ் என்பதற்குரிய குறியீட்டை இட்டுவிட்டு, இவ்வாறு எழுதுக. தண்டம் நாளொன்றுக்கு 2 ரூபாய் எனக் கொள்வோம்.

அம்சம்: நூலகத் தண்டம்
காட்சி: தவணை கடந்த நூல்
கொடுக்கப்பட்ட 3 நாள் தவணை கடந்த ஒரு நூல்
எப்போது மாணவர் அதைத் திருப்பித் தருகிறார்
அப்போது தண்டம் 6 ரூபாய்

கடைசி மூன்று வரிகளுக்கும் உரிய செயலை நிரல்மொழியில் தனியே எழுதவேண்டும். பின்னர் டெர்மினலில், நிரல் இருக்கும் கோப்புறைக்குச் சென்று, கருவியின் பெயரைத் தட்டினால் எல்லாக் காட்சிகளும் ஓடும். தேறிய வரி பச்சையாகவும் தவறிய வரி சிவப்பாகவும் தோன்றும். முடிவில் கட்டளை ஓர் எண்ணைத் தரும். 0 என்றால் தேர்ச்சி. சோதனை தவறினால் வேறெண். தானியங்கி அமைப்புகள் அவ்வெண்ணைப் பார்த்தே புதிய நிரலை ஏற்கும், அல்லது தடுக்கும்.

ஓர் எச்சரிக்கை: பச்சையைக் கண்டதும் மகிழ்ந்துவிடாதீர்கள். 6 ரூபாயை 7 என்று மாற்றி ஓட்டிப் பாருங்கள். அப்போதும் பச்சையே வந்தால், அச்சோதனை எதையும் சோதிக்கவில்லை என்பது பொருள். தவற்றைக் காட்டவல்ல சோதனையையே நம்பலாம்.