கடைமடைக்கும் நீர் பாயட்டும்!



காலத்தின் அருமையைப் பற்றி ஆறாம் வகுப்பு முதல் நாம் கட்டுரை எழுதி வருகிறோம். எழுதி நல்ல மதிப்பெண்ணும் வாங்கியிருக்கிறோம். ஆனால் பள்ளிப் படிப்பை முடித்துக் கல்லூரிக்குச் செல்லும்போது அந்தக் கட்டுரைகள் நமக்கு எவ்வளவு தூரம் கைகொடுக்கும் என்ற ஐயம் இவ்வாண்டு எங்களுக்கு எழுந்தது. நம் பள்ளியில் படித்து இப்போது கல்லூரியில் பயிலும் அக்கா ஒருவரே அதற்குக் காரணம்.

விடுமுறையில் பள்ளிக்கு வந்திருந்த அவரிடம், "காலேஜில எதுங்க்கா ரொம்பக் கஷ்டம்?" என்று கேட்டோம். ஆங்கிலம் என்பார், அல்லது கணக்கு என்பார் என்று எண்ணியிருந்தோம். அவரோ, "அங்கெ யாரும் நம்மளக் கேக்க மாட்டாங்க கண்ணு. அதுதான் கஷ்டம்" என்றார்.

அவர் சொன்னதை எண்ணிப் பார்த்தோம். இங்கே காலையில் மணி அடித்தால் வழிபாட்டுக்கு வரிசையில் நிற்கிறோம். வீட்டுப்பாடம் எழுதாவிட்டால் ஆசிரியை கேட்கிறார், சிஸ்டர் கேட்கிறார், மாலையில் அம்மாவும் கேட்கிறார். கல்லூரியில் அப்படிக் கேட்பவர் குறைவு. அக்கா முதல் பருவத்தில் ரெக்கார்டு நோட்டை நாளைக்கு எழுதலாம், நாளைக்கு எழுதலாம் என்று தள்ளிப்போட்டாராம். அந்த நாளை பருவத்தின் கடைசி வாரத்தில்தான் வந்தது. அந்த வாரம் முழுவதும் ரெக்கார்டு எழுதுவதிலேயே போயிற்று. பாடம் படிக்க நேரமில்லை. ஐந்து தாள்களில் மூன்றில் அரியர்.

வீட்டில் பேச்சு மாறியது. "படிச்சது போதும்" என்றார்கள். பெட்டிக்குள் இருந்த ஜாதகம் வெளியே வந்தது. அண்ணனுக்கு அரியர் வந்தபோது, "அடுத்த தடவை எழுதட்டும்" என்று சொன்ன அதே வீடுதான் அது. நம்மைப் போன்ற பெண்களுக்கு ஒழுங்கின்மையின் விலை சற்று அதிகம் என்பதை அன்று உணர்ந்தோம். ஆகவே கல்லூரிக்குப் போகுமுன் பழகிக்கொள்ள வேண்டியதை இப்போதே படித்து, பேசி, செய்து பார்த்து, இந்தக் கட்டுரையை எழுதியிருக்கிறோம்.

வாய்க்கால் தரும் பாடம்

நம் வெள்ளகோவில் வறண்ட பூமி. பரம்பிக்குளம் ஆழியாறு பாசனத் திட்டத்தின் கிளை வாய்க்கால் ஒன்று நம் ஊரின் பெயரையே தாங்கி வருகிறது. மேற்கு நோக்கி ஓடும் மலையாறுகளின் நீரைக் கிழக்கே திருப்பி, திருமூர்த்தி அணைக்குக் கொண்டுவந்து, அங்கிருந்து கோவை, திருப்பூர் மாவட்டங்களில் ஏறத்தாழ 3 இலட்சத்து 77 ஆயிரம் ஏக்கர் நிலத்துக்குத் தருகிறார்கள். அத்தனை நிலத்துக்கும் ஒரே சமயத்தில் விட நீர் போதாது. எனவே நிலங்களை நான்கு மண்டலங்களாகப் பிரித்து, ஒன்றன்பின் ஒன்றாக முறை வைத்து விடுகிறார்கள்.

முறை வைத்தாலும் ஒரு சிக்கல் உண்டு. மேலே இருப்பவர்கள் அளவுக்கு மேல் எடுத்துக்கொண்டால் கடைசியில் இருக்கும் கடைமடைக்கு நீர் வந்து சேராது. காங்கயம், வெள்ளகோவில் பகுதி உழவர்கள் தங்கள் பங்கு நீரைக் கேட்டுப் போராடிய செய்திகளை நாம் பலமுறை கேட்டிருக்கிறோம்.

நமக்குள்ள நேரமும் இந்த அணை நீர் போன்றதே. கையில் இருப்பது இவ்வளவுதான் என்று தெரியும். பிடித்த பாடம் தலைமடையில் இருக்கிறது. வேண்டிய மட்டும் குடித்துக்கொள்கிறது. தோழியரின் பேச்சும் கைப்பேசியும் இடையிலே மடையை உடைத்துவிடுகின்றன. பிடிக்காத பாடம் கடைமடையில் காய்ந்து கிடக்கிறது. தேர்வு நாளில் கருகிப் போவது அந்த வயல்தான்.

ஈரோட்டில் பிறந்த மேதை

இதற்குச் சான்று தேடியபோது, நமக்கு அருகில் உள்ள ஈரோட்டில் 1887ஆம் ஆண்டு டிசம்பர் 22ஆம் நாள் பிறந்த கணித மேதை சீனிவாச இராமானுஜன் நினைவுக்கு வந்தார். கும்பகோணத்தில் வளர்ந்த அவர், 1904ஆம் ஆண்டு பள்ளிப் படிப்பைச் சிறப்பாக முடித்து, உதவித்தொகையுடன் கும்பகோணம் அரசுக் கல்லூரியில் சேர்ந்தார். அங்கே அவர் தம் நேரம் முழுவதையும் கணக்குக்கே கொடுத்தார். மற்ற வகுப்புகளில் அமர்ந்திருந்தபோதும் கணக்கையே போட்டுக்கொண்டிருந்தார் என்பர். ஆங்கிலத்தில் தோற்றார், உதவித்தொகை நின்றது. 1906இல் சென்னைப் பச்சையப்பன் கல்லூரியில் சேர்ந்து மீண்டும் முயன்றார். உடலியல் போன்ற பாடங்கள் அவரைக் கைவிட்டன. 1907இல் எழுதிய தேர்விலும் தோல்வியே. பட்டம் இல்லாமல் வறுமையில் உழன்ற அவர், 1912இல் சென்னைத் துறைமுகக் கழகத்தில் மாதம் 30 ரூபாய் சம்பளத்தில் எழுத்தரானார்.

"அவர் உலகப் புகழ் பெற்றுவிட்டாரே! அப்படியானால் ஒழுங்கு எதற்கு?" என்று எங்களுள் ஒருத்தி கேட்டாள். நியாயமான கேள்விதான். விடையைத் தேடியபோது இரண்டு செய்திகள் கிடைத்தன.

ஒன்று: உதவித்தொகை போனது முதல் துறைமுக வேலை கிடைத்தது வரை ஏறக்குறைய ஏழு ஆண்டுகள் அவர் அலைந்தார். 1920இல் தம் 32ஆம் வயதிலேயே மறைந்துவிட்ட ஒருவருக்கு ஏழு ஆண்டுகள் என்பவை சிறிய காலமல்ல.

இரண்டு: இராமானுஜன் எல்லாவற்றிலும் ஒழுங்கற்றவராக இருந்தார் என்று சொல்ல முடியாது. காகிதம் விலை மிகுந்தது என்பதால் சிலேட்டில் கணக்கைப் போட்டு, கண்ட முடிவுகளை மட்டும் நோட்டுப் புத்தகத்தில் எழுதி வைத்தார். 1910இல் இந்தியக் கணிதக் கழகத்தைத் தோற்றுவித்தவரான வி. இராமசாமி ஐயரிடம் அவர் வேலை கேட்டுச் சென்றபோது, காட்டுவதற்கு அவர் கையில் இருந்தது அந்த நோட்டுத்தான். அதைப் பார்த்தே பெரியவர்கள் அவருக்கு உதவ முன்வந்தனர். 1913இல் சென்னைப் பல்கலைக்கழகம் மாதம் 75 ரூபாய் ஆய்வு உதவித்தொகை வழங்கியது. 1914இல் கேம்பிரிட்ஜ் சென்றார். 1918இல் இராயல் சொசைட்டியின் உறுப்பினரானார்.

ஆகவே அவரிடமிருந்து இரண்டு பாடங்களையும் நாம் கற்கலாம். பிடித்ததற்கே நேரம் முழுவதையும் கொடுத்ததால் கல்லூரி அவர் கையை விட்டுப் போயிற்று. நாள்தோறும் எழுதி வைத்த நோட்டு அவரைக் கைதூக்கி விட்டது.

பங்கீடு செய்யும் முறை

கல்லூரியில் பயிலும் அக்காமார் சிலரிடம் கேட்டறிந்தவற்றைக் கொண்டு ஒரு கணக்குப் போட்டோம். கலை அறிவியல் கல்லூரிகளில் ஒரு பருவத்துக்கு ஏறத்தாழ 90 வேலை நாட்கள். வாரம் ஐந்து நாளாக 18 வாரங்கள். ஐந்து தாள்கள், தாளுக்கு ஐந்து அலகுகள் என்று வைத்துக்கொண்டால் மொத்தம் 25 அலகுகள். வாரத்துக்கு இரண்டு அலகு படித்தால் 13 வாரங்களில் முடிந்துவிடும். மீண்டும் படித்துப் பார்க்க ஐந்து வாரங்கள் மிஞ்சும். கடைசி வாரம் வரை விட்டுவைத்தாலோ, ஒரு நாளைக்கு ஐந்து அலகுகள் படிக்க வேண்டும். வாரத்துக்கு இரண்டு என்றால் எவராலும் இயலும். நாளுக்கு ஐந்து என்றால் மேதைகளாலும் இயலாது.

இனி, நடைமுறையில் கொள்ள வேண்டியவை:

முதலாவது, பருவம் தொடங்கிய முதல் வாரத்திலேயே பாடத்திட்டத்தையும், உள்தேர்வு நாட்களையும், ரெக்கார்டு ஒப்படைக்க வேண்டிய நாட்களையும் ஒரே நோட்டில் எழுதிக்கொள்ள வேண்டும். துண்டுத் தாள்களில் எழுதினால் அவை புத்தகத்துக்குள் மறைந்துவிடும்.

இரண்டாவது, அன்று நடந்த பாடத்தை அன்று மாலையே ஒருமுறை திருப்பிப் பார்க்க வேண்டும். எபிங்ஹாஸ் என்னும் ஜெர்மானிய அறிஞர் பொருளற்ற அசைகளைத் தாமே மனப்பாடம் செய்து, எவ்வளவு விரைவில் மறக்கின்றன என்று சோதித்து, 1885இல் நூலாக வெளியிட்டார். படித்த சில மணி நேரத்திலேயே மறதி மிக வேகமாக நடக்கிறது என்று கண்டார். ஆகவே மறுநாள் ஒரு மணி நேரம் படிப்பதைவிட, அன்றே கால் மணி நேரம் பார்ப்பது மேல் என்று எங்களுக்குத் தோன்றுகிறது.

மூன்றாவது, வருகைப் பதிவு. பொதுவாகக் கல்லூரிகளில் நூற்றுக்கு 75 வருகை வேண்டும். 90 நாட்களில் குறைந்தது 68 நாட்கள் வர வேண்டும். அதாவது 22 நாட்களே கையிருப்பு. நம் பக்கத்தில் சீர், காதுகுத்து, கோயில் நோம்பி என்று அழைப்புக்குக் குறைவில்லை. எல்லாவற்றுக்கும் விடுப்பு எடுத்துவிட்டுக் காய்ச்சல் வரும்போது விடுப்பு இல்லாமல் தவிக்கக் கூடாது.

நான்காவது, நம் ஊரிலிருந்து பேருந்தில் போய்வருபவர்களுக்குப் போக ஒரு மணி, வர ஒரு மணி என்று வைத்தாலும் பருவத்துக்கு 180 மணி நேரம். நின்றுகொண்டு படிக்க இயலாது. ஆனால் காலையில் படித்ததை மனத்துக்குள் சொல்லிப் பார்க்க இடம் தேவையில்லை. அடையாள அட்டை, பஸ் பாஸ், ரெக்கார்டு நோட்டு ஆகியவற்றை இரவிலேயே பையில் வைத்துவிட்டால் காலை பரபரப்பு இராது.

ஐந்தாவது, நம் கால அட்டவணையை வீட்டாருக்கும் காட்ட வேண்டும். மாலையில் தண்ணீர் பிடிப்பதும் பாத்திரம் கழுவுவதும் நம் பங்கில் இருக்கின்றன. செய்ய மாட்டோம் என்று சொல்லவில்லை. "ஏழு மணியிலிருந்து எட்டு மணி வரைக்கும் படிக்கறேனுங்கம்மா, அதுக்கப்புறம் செஞ்சு தர்றேன்" என்று முன்கூட்டியே சொல்லிவிட்டால், பெரும்பாலும் பெற்றோர் மறுப்பதில்லை. சொல்லாமல் புத்தகத்துடன் ஒதுங்கினால்தான் சோம்பேறி என்ற பெயர் வருகிறது.

மணியோசை

கால அட்டவணை என்பது இன்று நேற்று வந்ததன்று. ஆறாம் நூற்றாண்டில் இத்தாலி நாட்டில் வாழ்ந்த புனித பெனடிக்ட் தம் துறவியருக்கு எழுதிய ஒழுங்கு நூலில், வேலைக்கு இன்ன நேரம், வாசிப்புக்கு இன்ன நேரம், செபத்துக்கு இன்ன நேரம் என்று பகுத்து வைத்தார். தவக்காலத்தில் ஒவ்வொருவரும் ஒரு நூலைப் பெற்று, முதலிலிருந்து வரிசையாக முழுவதும் வாசிக்க வேண்டும் என்றும் விதித்தார். பாதி நூலைப் புரட்டிவிட்டு அடுத்ததற்குத் தாவுவது அக்காலத்திலும் இருந்திருக்கும் போலும்!

நம் பள்ளியில் நண்பகலில் அடிக்கும் மணிக்கும் அந்த மரபில் பங்கு உண்டு என எண்ணுகிறோம். மணி அடித்ததும் பாதி எழுதிய வரியை நிறுத்திவிட்டுச் செபத்துக்கு எழுகிறோமே, அந்தப் பழக்கத்தைத்தான் நாம் கல்லூரிக்கு எடுத்துச் செல்ல வேண்டும்.

நாங்கள் செய்து பார்த்தது

அரையாண்டுத் தேர்வுக்கு ஒரு மாதம் முன்பு எங்கள் வகுப்பில் எட்டுப் பேர் சேர்ந்து ஒரு முடிவு செய்தோம். மாலையில் படிக்க உட்கார்ந்ததும் முதல் அரை மணி நேரம் அவரவர் கடைமடைப் பாடத்துக்கு. அதன்பின்தான் பிடித்த பாடம். அந்த நேரத்தில் வீட்டுக் கைப்பேசி அம்மாவிடம் இருக்க வேண்டும்.

உண்மையைச் சொன்னால், முதல் வாரத்திலேயே இருவர் விட்டுவிட்டனர். மற்றவர்களும் எல்லா நாளும் செய்யவில்லை. வீட்டில் விருந்தினர் வந்த நாளும் மின்சாரம் போன நாளும் தவறின. தவறிய நாளை ஈடுகட்ட மறுநாள் இரட்டிப்பாகப் படிக்க முயன்றவர்களே சீக்கிரம் சோர்ந்தனர். "போன முறை போகட்டும், அடுத்த முறையைப் பார்ப்போம்" என்று மறுநாள் வழக்கம்போல் உட்கார்ந்தவர்கள் கடைசி வரை நின்றனர். அறிவியலில் எப்போதும் தோற்று வந்த எங்கள் தோழி ஒருத்தி, அரையாண்டில் 41 மதிப்பெண் பெற்றாள். அது பெரிய எண்ணாகத் தோன்றாது. ஆனால் விடைத்தாளை வாங்கியவுடன் அவள் வீட்டுக்கு ஓடிய ஓட்டத்தை நாங்கள் பார்த்தோம்.

தொடக்கத்தில் சொன்ன அக்காவும் இப்படித்தான் மீண்டார். அப்பாவிடம் ஒரே ஒரு பருவம் தவணை கேட்டாராம். தினமும் விடியற்காலையில் அரியர் தாள்களுக்கே முதல் நேரத்தைக் கொடுத்தார். மூன்றில் இரண்டைத் தேறிவிட்டார். மூன்றாவதை அடுத்த முறை எழுதுகிறார். ஜாதகம் மீண்டும் பெட்டிக்குள் போய்விட்டது என்று சிரித்துக்கொண்டே சொன்னார். சிரித்தாலும் அவர் கண் கலங்கியிருந்தது.

தோழியரே! நம்மில் பலருடைய வீடுகளில் நாமே முதலில் கல்லூரி வாசலை மிதிக்கப் போகிறோம். நமக்குப் பின்னால் தங்கைகள் இருக்கிறார்கள். நாம் ஒழுங்காகப் படித்து முடித்தால், அவர்களை அனுப்புவதா வேண்டாமா என்ற பேச்சே நம் வீடுகளில் எழாது. இறைவன் நாள்தோறும் நமக்கு அளந்து விடும் நேரத்தைத் தலைமடையிலேயே தேக்கிவிடாமல் கடைமடை வரை கொண்டு சேர்ப்போமாக. இன்று மாலையே அரை மணி நேரம் தொடங்கிப் பாருங்கள்!

பத்தாம் வகுப்பு மாணவியர்