கரிசலில் பெரிய நாட்டுத் தக்காளி: சங்கரன்கோவில் பக்கத்துக்கு ஒரு முழுமையான வழிகாட்டி

நம் சந்தையில் இரண்டு விதமான தக்காளி கிடைக்கிறது. கெட்டித் தோலோடு நீள்வட்டமாக இருப்பது ஆப்பிள் தக்காளி. பெங்களூர் தக்காளி என்றும் சொல்வார்கள். தட்டையாக, காம்பைச் சுற்றி மடிப்பு விழுந்து, அறுத்தால் சாறு வழிவது நாட்டுத் தக்காளி. பாவூர்சத்திரம் மார்க்கெட்டிலிருந்து கேரளத்துக்கு லாரி ஏறும் பழத்துக்குக் கெட்டித் தோல் அவசியம். வீட்டுக்கென்று நாலு செடி வளர்ப்பவர் ருசியை மட்டும் பார்த்தால் போதும். இந்த வழிகாட்டி அவருக்காக.

விதையைத் தேர்ந்தெடுத்தல்

அமெரிக்கர்கள் தலைமுறைகளாகப் பாதுகாத்துவரும் பீஃப்ஸ்டீக் வகையில் ஒரு பழமே அரைக்கிலோ வரை எடை வரும். உள்ளே பல சிறு அறைகள், நிறையச் சதை, கொஞ்சம் விதை. இவற்றில் செரோகி பர்ப்பிள் பேர்பெற்றது. டென்னசி மாநிலத்தைச் சேர்ந்த ஜான் கிரீன் என்பவர் 1990இல் கிரெய்க் லெஹூலியர் என்ற தக்காளி ஆர்வலருக்கு அனுப்பிய விதையிலிருந்து உலகமெங்கும் பரவியது அது. இணையத்தில் விதை கிடைக்கிறது. ஆனால் முதல் வருஷமே அதை மட்டும் நம்பி இறங்க வேண்டாம்; நம் ஊர் ராத்திரிப் புழுக்கத்தில் அது பிஞ்சு பிடிக்கத் திணறும்.

நமக்கு முதலில் தோதானது பி.கே.எம். 1. அன்னஞ்சி என்ற நாட்டு ரகத்தில் சடுதி மாற்றம் உண்டாக்கிப் பெரியகுளம் தோட்டக்கலைக் கல்லூரியில் உருவாக்கிய ரகம். தட்டை உருண்டை, காம்போரத்தில் பச்சை நிறம் படர்ந்திருக்கும், மானாவாரியையும் தாங்கும். இது ஒட்டுரகம் இல்லை என்பதால் விதை எடுத்துப் போட்டால் தாயைப் போலவே வரும். இதில் ஆறு செடியும் பீஃப்ஸ்டீக்கில் இரண்டு செடியும் வைத்தால் ஒரு வீட்டுக்குத் தாராளம். பாக்கெட்டில் எஃப்1 என்று அச்சிட்டிருந்தால் வாங்காதீர்கள். அதன் விதை அடுத்த முறை அதே பழத்தைத் தராது.

பட்டம்

எல்லாவற்றையும் விட இதுதான் முக்கியம். இரவு வெப்பம் 20 டிகிரியை ஒட்டி இருந்தால் பூக்கள் நன்றாகப் பிஞ்சாகும். பகல் 35 டிகிரியைத் தாண்டினால் மகரந்தம் கெட்டுப் பூ உதிரும். பழம் பெரிதாகும் ரகங்களில் இந்தப் பாதிப்பு இன்னும் அதிகம். சங்கரன்கோவிலில் இதற்கு ஓரளவு நெருங்கி வருவது மார்கழியும் தையும்தான். செடி அப்போது பூக்கும்படி நாளைப் பின்னோக்கி எண்ண வேண்டும்: ஐப்பசி முதல் வாரத்தில் விதைப்பு, கார்த்திகைத் தொடக்கத்தில் நடவு, மார்கழி நடுவில் பூ, மாசியில் பழம்.

சித்திரையில் பூ கொட்டும்போது சத்துக் குறைவு என்று நினைத்து உரம் போடுகிறவர்கள் உண்டு. வெயிலுக்கு உரம் மருந்தாகாது. ஆனி, ஆடியில் உயரமான செடியைக் காற்று ஒடித்துப் போடும்.

நாற்று

குழித்தட்டில் தென்னைநார்க் கழிவும் மட்கிய உரமும் சரிபாதி நிரப்பி, அரை சென்டிமீட்டர் ஆழத்தில் விதையுங்கள். ஒரு வாரத்தில் முளைத்துவிடும். ஐப்பசி மழை நேரே விழாத, ஆனால் நல்ல வெளிச்சமுள்ள இடம் வேண்டும். தட்டின் மேல் நெருக்கமான நைலான் வலை கட்டாயம். இலைச்சுருட்டு வைரஸை வெள்ளை ஈ பரப்புகிறது; சின்ன நாற்றில் அது புகுந்துவிட்டால் அந்தச் செடி தேறாது. 25 முதல் 30 நாளில் நாற்று நடவுக்குத் தயார்.

நடவு

கரிசலில் மழைக்காலத்தில் தண்ணீர் தேங்கினால் வேர் மூச்சு முட்டி அழுகும். அதனால் ஒரு அடி உயரத்துக்குப் பார் பிடித்து, அதன் மேல் நடுங்கள். பாருக்குப் பார் 3 அடி, செடிக்குச் செடி 2 அடி. செவல் நிலமாக இருந்தால் கரம்பை கலந்தால் ஈரம் நிற்கும். குழிக்கு இரண்டு கை மட்கிய ஆட்டுப்புழுக்கை, ஒரு கைப்பிடி வேப்பம்புண்ணாக்கு. கத்தரியோ மிளகாயோ இருந்த இடத்தில் உடனே தக்காளி வைக்காதீர்கள். மூன்றுக்கும் நோய்கள் பொது. மொட்டை மாடியில் ஒரு பைக்கு ஒரு செடி, அதுவும் பெரிய பையாக.

நட்ட அன்றே கம்பு ஊன்றிவிடுங்கள். பிறகு ஊன்றினால் வேர் அறுபடும். பீஃப்ஸ்டீக் ஆளுயரத்துக்கு வளரும். 6 அடிச் சவுக்குக் கம்பு, தளர்வாகச் சணல் கட்டு. இலைக்கணுவில் வரும் பக்கக் கிளைகளைக் கிள்ளி இரண்டு தண்டு மட்டும் விடலாம். பி.கே.எம். 1 செடியைக் கிள்ள வேண்டாம், விளைச்சல்தான் குறையும்.

தண்ணீர்

பழத்தின் அடிப்பகுதி கறுத்து அமுங்கினால் பலரும் சுண்ணாம்பும் முட்டை ஓடும் தேடுவார்கள். சுண்ணாம்புச் சத்து கரிசலில் பொதுவாகவே நிறைய இருக்கிறது; அதை வேரிலிருந்து பழத்துக்குக் கொண்டுபோகிற தண்ணீர்தான் சீராக வருவதில்லை. காயவிட்டு, நிலம் வெடித்த பிறகு ஒரேயடியாகப் பாய்ச்சினால் அடிக் கறுப்பும் வரும், பழமும் வெடிக்கும். விரலை இரண்டு அங்குலம் விட்டுப் பாருங்கள். அங்கே ஈரம் குறையும்போது அளவாகப் பாய்ச்சுங்கள். தூரைச் சுற்றி வைக்கோலோ காய்ந்த சருகோ மூடினால் பாதிக் கவலை தீரும்.

பூச்சி

காய்ப்புழுவுக்குக் கேந்தி நடுங்கள். தாய் அந்துப்பூச்சி கேந்திப் பூவைத் தேடிப்போய் அங்கே முட்டையிடும். பூவுக்குப் பேர்போன ஊரில் கேந்தி நாற்றுக்குக் குறைவில்லை. தக்காளி பூக்கும் நேரத்தில் அதுவும் பூக்கும்படி முன்கூட்டியே வையுங்கள். வெள்ளை ஈக்கு மஞ்சள் ஒட்டும் அட்டை. கூடவே லிட்டருக்கு 5 மில்லி வேப்பெண்ணெய், சிறிது சோப்புக் கரைசல், சாயங்கால நேரத்தில். இலை சுருண்டு குட்டையான செடியை மனம் தளராமல் பிடுங்கிவிடுங்கள்.

பறிப்பும் சமையலும்

நிறம் திரும்பிய செங்காயாகப் பறித்து வீட்டுக்குள் பழுக்க வைக்கலாம். ருசி குறையாது, அணிலும் முந்திக்கொள்ளாது. ஃப்ரிட்ஜில் மட்டும் வைக்காதீர்கள். குளிரில் தக்காளியின் வாசம் போய்விடும்.

நாட்டுத் தக்காளியின் இடம் ரசம். நன்றாகப் பழுத்ததைக் கையால் கரைத்து, புளியைப் பாதியாகக் குறைத்து, நுரை கட்டியதும் இறக்குங்கள். சாறு அதிகம் என்பதால் தொக்குக்கு அடுப்பில் நெடுநேரம் சுண்ட வேண்டும்; அதற்குச் சதைப்பற்றான பீஃப்ஸ்டீக்தான் சரி, நல்லெண்ணெய் தாராளமாக. அதையே வட்டமாக அரிந்து, உப்பும் மிளகுத்தூளும் தூவிச் சும்மாவும் சாப்பிடலாம். மாசி வெயிலில் மிச்சப்படுவதைப் பிளந்து, உப்புத் தடவிக் காயவைத்தால் வற்றல்.

விதை எடுத்தல்

நோயில்லாத, நிறையக் காய்த்த செடியாகப் பார்த்து அடையாளக் கயிறு கட்டுங்கள். அதன் பூங்கொத்து ஒன்றை மலரும் முன்பே மெல்லிய துணிப்பையால் மூடுங்கள். தக்காளி தன் மகரந்தத்திலேயே காய்க்கும் என்றாலும், பெரிய பூக்களில் சூல்முடி வெளியே நீண்டு, தேனீயால் கலப்பு நேரலாம். பிஞ்சு பிடித்ததும் பையை எடுத்துவிடலாம். இரண்டு பூ ஒட்டிப் பிறந்த கோணல் பழம் எவ்வளவு பெரிதானாலும் விதைக்கு அதைத் தேட வேண்டாம். செடி நல்லதா என்பதுதான் கணக்கு.

நன்றாகப் பழுத்ததும் விதையைச் சாறோடு பிழிந்து, கண்ணாடிக் குவளையில் ஒன்றிரண்டு நாள் புளிக்க விடுங்கள். வழவழப்பு நீங்கும். நல்ல விதை அடியில் தங்கும், பொக்கு மிதக்கும். அலசி, தட்டில் பரப்பி, நிழலில் காயவையுங்கள். காகிதத்தில் ஒட்டிக்கொள்ளும். ரகத்தின் பேரும் வருஷமும் எழுதி, சாம்பல் கலந்து மூடிய டப்பாவில் வைத்தால் நாலு வருஷம் வரை முளைக்கும். அடுத்த ஐப்பசிக்குப் பாதியை எடுத்துக்கொண்டு, மழை ஏமாற்றும் வருஷத்துக்கென்று மீதியைத் தொடாமல் வையுங்கள்.